இசைத் தரம்: அளவும் சுவையும்

ஒரு பாட்டை நல்ல பாட்டு என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல் பாட்டைப் பற்றியதா, சொல்பவரின் மனத்தைப் பற்றியதா என்பது அழகியலின் பழைய கேள்வி. பாட்டைப் பற்றியது என்றால், முரண்படும் இருவரில் ஒருவர் சொல்வது தவறாக இருக்க வேண்டும். அதைக் காட்டவும் வழி இருக்க வேண்டும். மனத்தைப் பற்றியது என்றால் விவாதத்துக்கே இடமில்லை. ஒருவருக்குப் பாகற்காய் பிடிக்கும், மற்றவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நடைமுறையில் மனிதர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ‘அவரவர் ரசனை’ என்று சொல்லும் அதே வாய்தான் இசைப் போட்டியில் நடுவரின் முடிவு அநியாயம் என்றும் சொல்கிறது. ரசனை மட்டுமே உண்மை என்றால் அநியாயம் என்ற சொல்லுக்கு அங்கே பொருளில்லை.

தென் கொல்கத்தாவின் கரியாஹாட் வட்டாரத்தில் இந்தக் கேள்வி நூலைவிட்டு வெளியே வந்து பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. கரியாஹாட் நாற்சந்திக்கு அருகிலுள்ள டோவர் லேனில் 1952இல் தொடங்கிய இசை மாநாடு, இந்துஸ்தானி இசைக்கு இந்தியாவில் நடக்கும் பெரிய விழாக்களுள் ஒன்று. இப்போது அது ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டிய நஸ்ருல் மஞ்ச அரங்கில், ஜனவரிக் குளிரில், இரவு முழுவதும் நடக்கிறது. இளங்கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டியையும் அதே அமைப்பு நடத்துகிறது. நாற்சந்தியிலிருந்து மேற்கே செல்லும் ராஷ்பிகாரி அவென்யூ, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதிக்கு இட்டுச் செல்கிறது. அந்த அவென்யூவில் வாழ்ந்த பாடகர் தேபப்ரத பிஸ்வாஸுக்கும் ரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் இசைக் குழுவுக்கும் தாகூர் பாடல்களைப் பாடும் முறை பற்றி எழுந்த பிணக்கு, இசையின் தரத்தை ஒரு நிறுவனம் தீர்மானிக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்தியாவில் கிடைக்கும் தெளிவான சான்று.

மூன்று தீர்ப்புகள்

குழப்பத்தின் பெரும்பகுதி, மூன்று வேறு தீர்ப்புகளை ஒரே சொல்லால் குறிப்பதால் வருகிறது. முதலாவது பிழையின்மை: சுருதி சேர்ந்ததா, தாளம் நின்றதா, ராகத்துக்குப் புறம்பான சுரம் விழுந்ததா, சாகித்தியம் சிதைந்ததா. இரண்டாவது சிறப்பு: பிழையில்லாமல் பாடிய இருவரில் எவருடைய பாட்டில் ராகத்தின் உருவம் தெளிந்து எழுந்தது, எவருடைய கற்பனை இடத்துக்குப் பொருந்தியது, எவருடைய குரலில் சொல்லும் சுரமும் ஒன்றாயின. மூன்றாவது விருப்பம்: கேட்பவருக்கு எது பிடித்தது. கர்நாடக இசை வழக்கில் இம்மூன்றுக்கும் தனித்தனிப் பேச்சு உண்டு. ‘சுத்தமாகப் பாடுகிறார்’ என்பது முதலாவது. ‘ஞானஸ்தர்’, ‘நல்ல வித்வத்’ என்பவை இரண்டாவதைச் சேர்ந்தவை. ‘எனக்கு அவர் பாட்டு ஒட்டவில்லை’ என்பது மூன்றாவது. ஒரு ரசிகர் இம்மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே பாடகரைப் பற்றிச் சொல்லலாம்; அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

விருப்பத்தில் ஒருவரைத் தவறு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பிழையின்மையில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு நிலைக்காது. மறுபடி கேட்டால் தீர்ந்துவிடும். இடையில் நிற்கும் சிறப்பு பற்றியதுதான் உண்மையான கேள்வி.

அளக்கக்கூடியதும் அதன் எல்லையும்

ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதம் இரண்டுக்கு மூன்று. தம்புரா மீட்டப்படும்போது இந்த உறவு காதில் விழுவதற்கு முன்பே கம்பியில் இருக்கிறது. பாடகரின் பஞ்சமம் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கருவி கொண்டு அளக்கலாம். தாளத்தின் இடைவெளியையும் அளக்கலாம். இவற்றில் ரசனைக்கு வேலையில்லை.

ஆனால் அளவு தொடங்கிய இடத்திலேயே மரபும் நுழைந்துவிடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் நிலைத்து நிற்கும் புள்ளி அல்ல. அது அசைவில்தான் தோடியின் காந்தாரமாகிறது. அசைக்காமல் நேராகப் பிடித்தால் கருவி சுருதி சரி என்று காட்டும். தோடி கேட்டுப் பழகிய காது ராகமே இல்லை என்று சொல்லும். பியானோ கேட்டு வளர்ந்த ஒருவருக்கோ அதே கமகம் சுருதி பிசகியதாகத் தோன்றக்கூடும். எனவே பிழையின்மை புறவயமானதுதான். ஆனால் எதற்குப் பிழை என்பதை மரபு சொல்ல வேண்டியிருக்கிறது. சதுரங்கத்தில் ஒரு நகர்த்தல் விதிக்கு உட்பட்டதா என்பதில் இருவேறு கருத்து இல்லை. அந்த விதியோ இயற்கையில் கிடந்தது அல்ல.

மரபுக்குக் கீழே, எல்லா மனிதருக்கும் பொதுவான இனிமை என்ற அடித்தளம் உண்டா என்பதையும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம் ஜாஷ் மெக்டெர்மாட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2016இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மேற்கத்திய இசையில் இணக்கமானவை என்றும் முரணானவை என்றும் பிரிக்கப்படும் சுரக்கூட்டுகளை அவர்கள் கேட்டார்கள். இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இனிமையானவை என்றே மதிப்பிட்டார்கள். விகிதம் இயற்கையில் இருந்தாலும், அது இனிக்க வேண்டும் என்ற கட்டாயம் இயற்கையில் இல்லை என்பதற்கு இது வலுவான சான்று.

தாகூரும் ஐன்ஸ்டைனும்

இந்தக் கேள்வியை இரண்டு பெரிய மனங்கள் நேருக்கு நேர் பேசிய பதிவு ஒன்று உண்டு. 1930 ஜூலை 14 அன்று பெர்லினை அடுத்த காப்புத்தில் உள்ள ஐன்ஸ்டைனின் வீட்டில் ரவீந்திரநாத் தாகூர் அவரைச் சந்தித்தார். உண்மையும் அழகும் மனிதரைச் சாராமல் நிற்கின்றனவா என்று பேச்சு திரும்பியது. இரண்டும் மனிதரைச் சார்ந்தவையே என்பது தாகூரின் நிலை. அழகைப் பொறுத்தவரை ஐன்ஸ்டைன் அதை ஒப்புக்கொண்டார். உண்மையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளவில்லை. தாகூர் சொன்ன ‘மனிதர்’ தனி ஒருவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். தனி மனத்தின் பிழைகளைக் கடந்த பொது மனித மனத்தை அவர் கருதினார். ஆகவே மனிதரைச் சார்ந்தது என்பதற்கு, ஆளுக்கு ஆள் வேறு என்று அவர் பொருள் கொள்ளவில்லை.

ஆகஸ்ட் மாதம் பெர்லினில் நடந்த இன்னொரு சந்திப்பில் இருவரும் இசையையே பேசினார்கள். இந்தியப் பாடகருக்கு இராக வரம்புக்குள் உள்ள சுதந்திரத்தைத் தாகூர் விளக்கினார். நல்ல இசை ஏன் அசைக்கிறது என்பதைப் பகுத்துக் காட்டுவது மிகக் கடினம் என்றார் வயலின் வாசிக்கும் இயற்பியலாளர். இளமையில் ஐரோப்பிய இசையே கேளாத இந்தியர் ஒருவரிடம் அந்த இசை என்ன விளைவை உண்டாக்கும் என்று ஆராய்ந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். சிமானே மக்களிடம் நடந்த ஆய்வு ஏறத்தாழ அந்த விருப்பத்தின் நிறைவேற்றம்.

ஸ்வரபிதானும் தேபப்ரத பிஸ்வாஸும்

தாகூர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றி மெட்டமைத்தார். சாந்திநிகேதனில் சாவித்திரி கிருஷ்ணன் பாடிக் காட்டிய கர்நாடகக் கீர்த்தனை மெட்டுகளிலும் அவர் வங்கப் பாடல்கள் எழுதியதுண்டு. இந்துஸ்தானி ஆலாபனையில் பாடகருக்குச் சுதந்திரம் வேண்டும் என்று சொன்ன அவர், தம் பாடல்களைப் பாடுபவர் தம் விருப்பப்படி மாற்றுவதை விரும்பவில்லை. பாடகரும் படைப்பாளியே என்று வாதிட்ட திலீப் குமார் ராயுடன் இதுபற்றி அவர் நீண்டகாலம் கருத்து மோதினார். அதேவேளை, 1937இல் ‘முக்தி’ திரைப்படத்துக்காகப் பங்கஜ் மல்லிக் தாமே மெட்டமைத்த தாகூர் கவிதைக்கு இசைவும் தந்தார்.

1941இல் தாகூர் மறைந்த பின் பாடல்களின் பதிப்புரிமை விஸ்வபாரதியிடம் இருந்தது. ‘ஸ்வரபிதான்’ என்ற பெயரில் அறுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக வெளிவந்த சுரக்குறிப்புகள் மெட்டுக்கு ஆதாரமாயின. இசைத்தட்டு வெளியிட விஸ்வபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒரு பதிவு தகுதியானதா என்பதற்கு, அச்சிட்ட அளவுகோலும் அதைப் பிடித்து அளக்க அதிகாரம் பெற்ற குழுவும் இருந்த அரிய சூழல் இது.

ஜார்ஜ்-தா என்று வங்காளிகள் அழைத்த தேபப்ரத பிஸ்வாஸ் 1911இல் பிறந்தவர். காப்பீட்டு நிறுவனத்தில் ஊழியர். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் பாடகர். ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’, ‘கோமல் காந்தார்’ படங்களில் ஒலிக்கும் அவருடைய கனத்த குரல், தாகூர் பாடல்களை வரவேற்பறையிலிருந்து திறந்த வெளிக்குக் கொண்டுவந்தது. 1960களின் நடுவிலிருந்து அவருடைய பதிவுகள் சிலவற்றுக்கு இசைக் குழு தடை சொல்லத் தொடங்கியது. பக்கவாத்தியங்கள் மிகுதி, சரணங்களுக்கு இடையே வரும் வாத்திய இசை மிகுதி, உணர்ச்சி மிகுதி என்பன போன்றவை குறைகளாகச் சொல்லப்பட்டன. பிஸ்வாஸ் வளைந்துகொடுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ரவீந்திரசங்கீதம் எனப்படும் தாகூர் பாடல்களைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். தம் பக்கத்தை ‘பிராத்யஜனேர் ருத்தசங்கீத்’ என்ற தன்வரலாற்றில் எழுதினார். தலைப்புக்கு, ஒதுக்கப்பட்டவனின் அடைக்கப்பட்ட பாட்டு என்று பொருள். 1980இல் அவர் மறைந்தார்.

குழுவின் பக்கமும் வலுவற்றது அல்ல. இயற்றியவரின் மெட்டைக் காப்பது அதன் கடமை. கைமாறிக் கைமாறி மெட்டுகள் உருமாறிப்போவதை இசை வரலாறு பலமுறை கண்டிருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளுக்கு வெவ்வேறு பாடாந்தரங்கள் வழங்குவதும், எது மூலம் என்று இன்றும் வித்வான்கள் வாதிடுவதும் தமிழ் ரசிகர்கள் அறிந்தது. ஆனால் பிஸ்வாஸ் மீது சொல்லப்பட்ட குறைகள் மெட்டு பிசகியது பற்றியவை மட்டுமல்ல. உணர்ச்சி மிகுதி என்பதைச் சுரக்குறிப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியாது. எவ்வளவு உணர்ச்சி போதும் என்று ஸ்வரபிதானில் எழுதப்படவில்லை. மாறாக, அதே நூல் சில பாடல்களுக்கு மெட்டு வேறுபாடுகளையும் பதிவு செய்கிறது. இரண்டாம் வகைத் தீர்ப்பு ஒன்று முதல் வகைத் தீர்ப்பின் அதிகாரத்தை அணிந்து வந்ததுதான் அந்தப் பிணக்கின் வேர். சிறப்பைப் பற்றிய கருத்தாகச் சொல்லியிருந்தால் பிஸ்வாஸும் ரசிகர்களும் எதிர்வாதம் வைத்திருக்கலாம். தகுதிச் சான்றாகச் சொன்னதால், பேச்சு அங்கேயே முடிந்தது.

நடுவர் யார்

சிறப்பை எந்த அளவுகோலும் தனியே தீர்க்காது என்றால், தீர்ப்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் இதற்கு ஓர் ஏற்பாடு சொல்கிறது. நாடகத்தின் வெற்றியை அது இரண்டாகப் பிரிக்கிறது. பார்ப்பவர்களின் சிரிப்பிலும் பாராட்டிலும் புல்லரிப்பிலும் தெரிவது மானுட வெற்றி. அரங்கு நிறைந்து, ஓசையோ கலக்கமோ இல்லாமல் அமர்ந்திருப்பது தெய்விக வெற்றி. கருத்து வேறுபாடு வந்தால் பிராச்னிகர் என்னும் மதிப்பீட்டாளர்களை அழைக்க வேண்டும். வேள்வியைக் காட்டினால் வேள்வி அறிந்தவர், சொல்லுக்கு இலக்கணி, படைக்கலத்துக்கு வில்லாளி, பாட்டுக்கு இசைவாணர் என்று ஒவ்வொன்றுக்கும் அத்துறையில் கைதேர்ந்தவரே நடுவர். எல்லாவற்றுக்கும் ஒரே ரசிகர் போதாது என்பது அதன் உட்கிடை.

பரதருக்கு உரை எழுதிய காஷ்மீரத்து அபிநவகுப்தர், கேட்பவரின் பக்கத்தை இன்னும் ஆழமாகப் பார்த்தார். இடைவிடாப் பயிற்சியால் தெளிந்து, படைப்போடு ஒன்றும் தகுதி பெற்ற மனமுடையவரை அவர் சஹ்ருதயர் என்றார். சொந்த இன்பதுன்பங்களில் மூழ்கிக் கிடப்பது ரசத்துக்கு இடையூறு என்றும் எண்ணினார். இதன்படி ரசனை அகத்தில் நிகழ்வதுதான். ஆனால் அந்த அகம் திருந்தியதாகவும் இருக்கலாம், திருந்தாததாகவும் இருக்கலாம்.

ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட, ரசனையின் அளவுகோல் பற்றிய கட்டுரையில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பிடும் பழக்கம், முற்சாய்வின்மை, நல்லறிவு ஆகியவை கூடியவர்களின் ஒருமித்த தீர்ப்பே அளவுகோல் என்றார். டான் குயிக்ஸாட்டில் வரும் கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒரு பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோல் வாடை வீசுகிறது என்றார், மற்றவர் இரும்பு வாடை என்றார், ஊரே சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி கிடந்தது. நுட்பமான சுவை பொருளில் உள்ளதையே கண்டறிகிறது என்பது கதையின் கருத்து. இசையில் பீப்பாயின் அடியைக் காட்டுவது எப்போதும் முடிவதில்லை; ஆனாலும் ‘அந்த இடத்தில் நிஷாதத்தை எப்படித் தொட்டார் என்று கேள்’ என்று ஒருவர் சொல்லி, மற்றவர் மறுபடி கேட்டுத் தலையசைக்கும்போது சாவி கிடைத்துவிடுகிறது.

இம்மானுவேல் காண்ட் 1790இல் இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தார். இனிக்கிறது என்பவர் தமக்காகப் பேசுகிறார். அழகானது என்பவர் எல்லோரும் ஒப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை நிரூபணத்தால் நிறைவேற்ற முடியாது, கைவிடவும் முடியாது என்பதே ரசனையின் இயல்பு என்றார்.

பக்தி மரபோ கேள்வியையே இடம் மாற்றுகிறது. தியாகராஜரின் தன்யாசி ராகக் கீர்த்தனையான ‘சங்கீத ஞானமு’, பக்தியில்லாத இசை ஞானம் நல்வழி ஆகாது என்ற கருத்தைச் சொல்வது. இங்கே பாட்டின் தரம் கேட்பவரின் காதிலும் இல்லை, சுரக்குறிப்பிலும் இல்லை. பாடுபவர் எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது. ஆனால் அதை வெளியிலிருந்து பார்த்துத் தீர்க்க எந்தக் குழுவாலும் முடியாது. தியாகராஜரின் கீர்த்தனைகள் பிழையின்மையையும் தள்ளிவிடவில்லை. அது போதாது என்கின்றன.

ரசனை மீதான ஐயம்

கைதேர்ந்தவரின் தீர்ப்பையும் அப்படியே நம்ப முடியாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவதைச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1979இல் எழுதினார்: உயர்ந்த ரசனை எனப்படுவது பெரும்பாலும் வர்க்கத்தின் அடையாளம், பிறரிடமிருந்து விலகிக் காட்டும் வழி. மெட்ராஸில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே கச்சேரிக்குத் தகுதியானவை, தமிழ்ப் பாடல்கள் துக்கடாவுக்கு உரியவை என்ற எண்ணத்தை 1940களின் தமிழிசை இயக்கம் எதிர்த்ததை இங்கே நினைக்கலாம். தரத்தின் பேரில் பேசப்பட்டவற்றில் பழக்கமும் செல்வாக்கும் எவ்வளவு கலந்திருந்தன என்பதை அது வெளிக்கொண்டு வந்தது.

இரண்டாவது, காது தனியே வேலை செய்வதில்லை. சியா-ஜுங் சாய் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் போட்டிகளின் உண்மையான வெற்றியாளரை, ஒலியைக் கேட்டவர்களைவிட ஒலியில்லாத காட்சியைப் பார்த்தவர்களே சரியாக ஊகித்தார்கள். தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. மேடையில் கலைஞர் நிமிர்ந்து அமரும் முறையும் கை வீச்சும் நடுவரின் தீர்ப்பில் புகுந்திருக்கின்றன.

மூன்றாவது, கூட்டத்தின் செல்வாக்கு. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் 14,341 பேர், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்டார்கள். சிலருக்கு மற்றவர்களின் தெரிவு காட்டப்படவில்லை. எஞ்சியவர்கள் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதைப் பார்த்தார்கள். உலகத்துக்கு உலகம் வெற்றிப் பாடல்கள் மாறின. ஆனால் மாற்றத்துக்கும் எல்லை இருந்தது: தனியே கேட்டவர்கள் மிகச் சிறந்ததென மதித்த பாடல் எங்கும் அடிமட்டத்துக்குப் போவது அரிது; மிக மோசமானதென மதித்தது உச்சிக்கு ஏறுவதும் அரிது. நடுவில் இருந்தவற்றின் விதியைத்தான் கூட்டம் பெரிதும் ஆட்டிவைத்தது.

இம்மூன்றும் ரசனையைத் திருத்த வேண்டும் என்று சொல்கின்றன. தரமே இல்லை என்று சொல்லவில்லை. நடுவர் ஏமாறினார் என்று சொல்ல வேண்டுமானால், ஏமாறாமல் கேட்டிருந்தால் வேறொன்றைக் கண்டிருப்பார் என்றும் ஏற்க வேண்டும். கர்நாடகப் பாடகர் எம்.டி. ராமநாதன் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அவருடைய விளம்ப நடையும் கீழ்ச் சுருதியும் அவர் காலத்துக் கச்சேரி விறுவிறுப்புக்குப் பொருந்தவில்லை. பலர் எழுந்து போனார்கள், சிலர் உயிராய் நேசித்தார்கள். 1984இல் அவர் மறைந்த பின் அவருடைய பதிவுகளைப் பொறுமையாகக் கேட்டவர்கள் மெதுவென்பது குறையல்ல, ராகத்துக்கு அவர் கொடுத்த இடம் என்று காரணம் சொன்னார்கள். பாட்டு மாறவில்லை, அதைக் கேட்கும் முறை மாறியது.

உரிமை முடிந்த பின்

தாகூர் பாடல்களின் பதிப்புரிமை 2001 டிசம்பர் 31 அன்று முடிந்தது. அதன்பின் எவரும் எந்தக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் அவற்றைப் பதிவு செய்யலாம். கிட்டாரும் டிரம்ஸும் வந்தன. புதிய நடைகள் வந்தன. திரைப்படங்களில் புதுக் கோலங்கள் வந்தன. தரம் என்பது அதிகாரம் கட்டிவைத்த பொய்யாக இருந்திருந்தால், அதிகாரம் போனவுடன் தரம் பற்றிய பேச்சும் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்தப் பதிவில் சொல்லும் மெட்டும் சேர்ந்து நிற்கின்றன, எதில் வாத்தியம் பாட்டை மூடிவிட்டது என்று கொல்கத்தாவின் ரசிகர்கள் தொடர்ந்து வாதிடுகிறார்கள். 1948 முதல் ரவீந்திரசங்கீதம் கற்பிக்கும் ‘தக்ஷிணீ’ போன்ற பள்ளிகள் மெட்டைச் சுத்தமாகச் சொல்லிக்கொடுக்கின்றன. ஒருகாலத்தில் தடை சொல்லப்பட்ட பிஸ்வாஸின் பாட்டு அப்பாடல்களுக்கு ஒரு முன்மாதிரியாகக் கேட்கப்படுகிறது.

ஆக, பிழையின்மை மரபுக்குள் புறவயமானது. விருப்பம் முழுதும் அவரவருடையது. சிறப்பு இவ்விரண்டில் எதுவுமாகச் சுருங்காது: காரணம் சொல்லக்கூடியது, காரணத்தைக் காதால் சரிபார்க்கக்கூடியது, திருத்தத்துக்கு எப்போதும் திறந்திருப்பது. அதற்கு நடுவர்கள் தேவை. ஆனால் அவர்களுடைய தீர்ப்பு, மறுமுறை கேட்கச் சொல்லும் அழைப்பாக இருக்கும்வரைதான் செல்லும்.